இன்டக்ரேட்டடா, தனித்தனியா? வீட்டு ஹை-ஃபை செட்டுக்கு ஆம்ப் தேர்வு செய்யும் கணக்கு

ஹாலில் நல்ல ஸ்டீரியோ செட் ஒன்று வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட் ஆம்ப் வாங்கலாம்?" அடுத்த கேள்வி, "ப்ரீஆம்ப் தனியாக வேண்டுமா?" இன்புட்டைத் தேர்ந்து ஒலியளவைக் கட்டுப்படுத்துவது ப்ரீஆம்ப்; ஸ்பீக்கரை ஓட்டும் வலுவைத் தருவது பவர் ஆம்ப். இரண்டு கேள்விக்கும் விடை ஆம்பில் இல்லை. ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டில் இருக்கிறது. ஸ்பீக்கரை முடிவு செய்யாமல் ஆம்ப் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது போலத்தான்.

அந்தத் தகட்டிலோ கூட வரும் தாளிலோ இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது சென்சிடிவிட்டி: 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பது. இரண்டாவது இம்பிடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் கரன்ட்டுக்குக் காட்டும் தடை: 8 ஓம், 6 ஓம் அல்லது 4 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட்டேஜ் 2 வாட் ஆகிவிடும். ஆகவே '87 டெசிபல், 4 ஓம்' என்று எழுதியிருந்தால் ஒரு வாட்டுக்கு 84 என்றே கணக்கு வையுங்கள்.

87 டெசிபல், 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. 12-க்கு 15 அடி ஹால். உட்காரும் நாற்காலி 10 அடி தள்ளி, அதாவது 3 மீட்டர். தூரத்தால் 9.5 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 டெசிபல் திரும்பக் கிடைக்கும். ஆக ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 1 வாட் கொடுத்தால் நாற்காலியில் 80 டெசிபலுக்குச் சற்று மேலே. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி இன்னும் கொஞ்சம் சேர்க்கும். அதைக் கையிருப்பாக விட்டுவிடலாம். வீட்டில் நிதானமாகக் கேட்கும் சராசரி அளவு 70 முதல் 75 டெசிபல். ஆனால் மிருதங்கத்தில் ஒரு 'தோம்' விழும்போதோ தவிலில் கோல் படும்போதோ அந்தக் கணத்தின் உச்சம் சராசரியைவிட 20 டெசிபல் வரை ஏறும். 75-உடன் 20 சேர்த்தால் 95. நம் கணக்கில் 14.5 டெசிபல் கூடுதல் தேவை. அதாவது 28 வாட்.

இதே ஹாலில் 82 டெசிபல் மட்டுமே தரும் சிறிய புத்தக அலமாரி ஸ்பீக்கர் வைத்தால் அதே உச்சத்துக்கு 90 வாட் வேண்டும். 92 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் 9 வாட் போதும். ஸ்பீக்கரில் 10 டெசிபல் மாறும்போது ஆம்பின் தேவை பத்து மடங்கு மாறுகிறது. 40 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் உள்ள வித்தியாசமோ ஒரு டெசிபல்தான்; காது அதைப் பொருட்படுத்தாது. அந்தப் பத்து வாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் அதை ஸ்பீக்கரில் போட்டிருக்கலாம்.

வாட்டை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 'பி.எம்.பி.ஓ.' (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) என்று இருந்தால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. '10 சதவீத டிஸ்டார்ஷனில்' என்று இருந்தால் ஒலி முனை மழுங்கி உடைந்த நிலையில் அளந்தது. கால் பங்குக்கு மேல் கழித்துக்கொள்ளுங்கள். '8 ஓமில் 60 வாட், 4 ஓமில் 100 வாட், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோ ஹெர்ட்ஸ் வரை' என்று எழுதியிருந்தால் நம்பலாம். 4 ஓம் வாட்டே குறிப்பிடாத ஆம்பை 4 ஓம் ஸ்பீக்கருக்கு வாங்காதீர்கள். பவர் சப்ளையும் ஹீட்சிங்க்கும் அந்தக் கரன்ட்டுக்குப் போதாமல் இருக்கும். சத்தமாக வைத்ததும் புரொடெக்‌ஷன் ரிலே 'டக்' என்று விழுந்து பாட்டு நின்றுபோகும்.

பெரும்பாலான வீடுகளுக்கு இன்டக்ரேட்டட்

ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில் இருப்பது இன்டக்ரேட்டட் ஆம்ப். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, வேண்டும் என்பதை ஒரே கை திட்டமிட்டிருக்கிறது. இதுதான் அதன் பெரிய பலம். நடுவில் கேபிள் இல்லை, இரண்டாவது எர்த் இல்லை, அதனால் ஹம் (மெயின்ஸ் உறுமல்) வரும் வழி ஒன்று குறைவு. ஒரு பெட்டி, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ரிமோட் என்பதால் அதே தரத்துக்கு விலையும் குறைவு.

1978-ல் வந்த நாட் 3020 இதற்கு இன்றைக்கும் நல்ல எடுத்துக்காட்டு. தாளில் அதற்கு 20 வாட்தான். ஆனால் கணநேர உச்சங்களில் அதைவிடப் பல மடங்கு கரன்ட்டைத் தரும்படி அதன் அவுட்புட் பகுதி அமைந்திருந்ததால், பெரிய எண் எழுதிய பல பெட்டிகள் திணறிய ஸ்பீக்கர்களை அது ஓட்டியது. பின்புறம் ப்ரீ-அவுட்டையும் பவர் ஆம்ப் இன்புட்டையும் 'ப' வடிவ உலோகக் கம்பிகள் இணைக்கும். அதைக் கழற்றினால் ப்ரீஆம்ப் தனி, பவர் ஆம்ப் தனி.

இந்த வசதி உள்ள ஆம்ப் கிடைத்தால் விடாதீர்கள். பிற்காலத்தில் வாட் போதவில்லை என்றால் ப்ரீ-அவுட்டிலிருந்து வேறு பவர் ஆம்புக்கு எடுத்துக்கொள்ளலாம், சப்-ஊஃபரும் சேர்க்கலாம். பழைய ஆம்ப்களில் இந்தக் கம்பி தொலைந்துபோயிருந்தால் பேனல் விளக்கு எரியும், ரிலே 'டக்' என்று சேரும், சத்தம் மட்டும் வராது. 'ஆம்ப் செத்துவிட்டது' என்று பாதி விலைக்குத் தள்ளப்படும் சில பெட்டிகளின் நோய் இதுதான். ஒரு ஜோடி குட்டை ஆர்.சி.ஏ. கேபிள் போட்டால் உயிர் வந்துவிடும். கம்பி இருந்தும் ஒரு பக்கம் விட்டுவிட்டு வருகிறது என்றால் கம்பியின் முனையில் களிம்பு ஏறியிருக்கும்; கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகினால் சரியாகும்.

டோன் கன்ட்ரோல் இருப்பதைக் குறையாக நினைக்கும் ஒரு வழக்கம் ஹை-ஃபை ஆர்வலர்களிடம் உண்டு. மொசைக் தரை, டைல்ஸ், வெற்றுச் சுவர், கண்ணாடி ஜன்னல் இவை நிறைந்த நம் ஹால்களில் மேல் ஸ்தாயி கூசும். ட்ரெபிளை 2 டெசிபல் குறைக்கும் குமிழ் ஒன்று இருப்பது பாவமே அல்ல. தரையில் ஜமக்காளம் விரித்தால் இன்னும் நல்லது.

தனித்தனியாக வாங்கினால் எங்கே சிக்குகிறது

தனி ப்ரீஆம்ப், தனி பவர் ஆம்ப் என்று போவதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. ஸ்பீக்கருக்கு 150 வாட்டுக்கு மேல் வேண்டும். பவர் ஆம்பை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கர் கேபிளைக் குட்டையாக்க வேண்டும். போனோ (இசைத்தட்டு இன்புட்), பேலன்ஸ்டு இணைப்பு (சேனலுக்கு எதிரெதிரான இரண்டு சிக்னல் கம்பிகள்), பல இன்புட்கள் எல்லாம் வேண்டும். இவற்றில் எதுவும் இல்லாமல், 'தனித்தனி என்றால் உசத்தி' என்ற எண்ணத்தில் வாங்கினால் பணம் கூடுதலாகவும் ஒலி குறைவாகவும் போவது சகஜம். காரணம் கெயின்.

1982-ல் சி.டி. வந்ததிலிருந்து பிளேயர், டாக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) எல்லாம் பொதுவாக முழு அளவில் 2 வோல்ட் தருகின்றன. பேலன்ஸ்டு என்றால் பெரும்பாலும் 4 வோல்ட். வழக்கமான பவர் ஆம்பின் கெயின் 26 டெசிபல், அதாவது 20 மடங்கு. 8 ஓமில் 100 வாட்டுக்கு 28.3 வோல்ட் வேண்டும். 20-ஆல் வகுத்தால் 1.41 வோல்ட் உள்ளே வந்தால் போதும். பிளேயர் தருவதோ 2 வோல்ட். அதாவது நடுவில் பெருக்கவே தேவையில்லை. இன்றைய ப்ரீஆம்பின் முதல் வேலை ஒலியைக் குறைப்பது. இரண்டாவது, இன்புட் மாற்றுவது. மூன்றாவது, கேபிளைத் தெம்போடு ஓட்டுவது.

இந்த இடத்தில் 12 டெசிபல், அதாவது 4 மடங்கு கெயின் உள்ள ப்ரீஆம்பைச் செருகினால் 2 வோல்ட் 8 வோல்ட் ஆகும். சராசரியாக 1 வாட்டில் கேட்கப் பவர் ஆம்புக்கு வேண்டியது 0.14 வோல்ட்தான். ஆக வால்யூம் குமிழ் 35 டெசிபல் அடக்க வேண்டும். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு 0.01 வாட்டில் கேட்கும்போது 55 டெசிபல். குமிழ் 7 மணி நிலைக்கும் 8 மணி நிலைக்கும் நடுவில் மயிரிழை நகர்த்தலில் தொங்கும். சாதாரண இரட்டை வால்யூம் கன்ட்ரோலின் இரண்டு கார்பன் தடங்களும் தொடக்கப் பகுதியில் ஒத்துப்போகாது. பாடகி நடுவிலிருந்து இடப்பக்கமாக நகர்ந்துவிடுவார், இன்னும் குறைத்தால் ஒரு பக்கம் முழுவதுமாக அணைந்துவிடும். அதோடு, ப்ரீஆம்பின் சொந்த இரைச்சல் குமிழுக்குப் பின்னால் பிறப்பதால் வால்யூமைக் குறைத்தாலும் குறையாது. ட்வீட்டருக்கு (மேல் ஸ்தாயி தரும் சின்ன ஸ்பீக்கர்) அருகே காதை வைத்தால் 'ஸ்ஸ்' கேட்டுக்கொண்டே இருக்கும்.

பழைய பவர் ஆம்ப்களில் இது இன்னும் மோசம். 1975-ல் வந்த குவாட் 405, 0.5 வோல்ட்டிலேயே 100 வாட்டைத் தந்துவிடும், சி.டி.க்கு முந்தைய காலத்து ப்ரீஆம்ப்கள் அந்த அளவுக்குத்தான் கொடுத்தன. அதில் இன்றைய டாக்கை மாட்டினால் குமிழைத் தொட்டதுமே வீடு அதிரும். ஆம்பின் குற்றமில்லை, இரண்டு காலத்துச் சாமான்களின் பேச்சு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து மலிவானது. சேனலுக்கு இரண்டு மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், 1 சதவீதத் துல்லியம். சிக்னல் வரும் வழியில் தொடராக 6.8 கிலோ ஓம். அதன் ஆம்ப் பக்க முனையிலிருந்து கிரவுண்டுக்கு 3.3 கிலோ ஓம். ஏறத்தாழ 10 டெசிபல் குறையும். 20 டெசிபல் குறைக்க 9.1 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும். இரு சேனலுக்கும் மல்டிமீட்டரில் அளந்து ஜோடி சேருங்கள். இதைப் பவர் ஆம்ப் பக்கத்துப் பிளக்குக்குள் வைக்க வேண்டும். ப்ரீஆம்ப் பக்கம் வைத்தால், கேபிள் மிக நீளமாக இருக்கும்போது அதன் கெபாசிட்டன்ஸ் ரெசிஸ்டரோடு சேர்ந்து மேல் ஸ்தாயியைத் தின்னும். குமிழ் 10 முதல் 1 மணிக்குள் வந்து நின்றால் சரியான இடம். ப்ரீஆம்பிலேயே கெயின் குறைக்கும் ஸ்விட்ச் இருந்தால் முதலில் அதைக் கையாளுங்கள்.

ப்ரீஆம்பே இல்லாமல்?

பெருக்கத் தேவையில்லை என்றால் வெறும் வால்யூம் கன்ட்ரோலையும் ஒரு செலக்டர் ஸ்விட்சையும் பெட்டியில் போட்டால் போதாதா? போதும், கேபிள் குட்டையாக இருந்தால். இதுதான் பாசிவ் ப்ரீஆம்ப். மின்சாரம் வேண்டாம், தன் பங்குக்கு இரைச்சல் ஏற்றாது.

கவனிக்க வேண்டியது அவுட்புட் இம்பிடன்ஸ். வால்யூம் கன்ட்ரோல் 6 டெசிபல் குறைக்கும் நிலையில் அதன் மதிப்பில் கால் பங்கு எதிரே தெரியும். 10 கிலோ ஓம் என்றால் 2.5 கிலோ ஓம். கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் வீதம் 2 மீட்டர், ஆம்ப் இன்புட்டில் 300 பிக்கோஃபாரட் எனக் கொண்டால் மேல் எல்லை 127 கிலோ ஹெர்ட்ஸ்; கவலையே இல்லை. அதே இடத்தில் 50 கிலோ ஓம் கன்ட்ரோலும் 5 மீட்டர் கேபிளும் போட்டால் 16 கிலோ ஹெர்ட்ஸிலேயே ஒலி சரியத் தொடங்கிவிடும். ஜால்ராவின் பளபளப்பும் தம்புராவின் ஜீவாவும் மங்கும். ஆகவே 10 கிலோ ஓம், லாக் வகை, ஒரு மீட்டர் கேபிள், 20 கிலோ ஓமுக்குக் குறையாத இன்புட் இம்பிடன்ஸ் உள்ள பவர் ஆம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் 'ஏ' என்று அச்சிட்டது லாக், 'பி' லீனியர். லீனியர் போட்டால் முதல் கால் சுற்றிலேயே சத்தத்தின் பெரும்பகுதி வந்துவிடும்.

டாக்கிலேயே டிஜிட்டல் வால்யூம் இருந்தால் அதை நேரே பவர் ஆம்பில் மாட்டலாம். 24 பிட் டாக்கில் 30, 40 டெசிபல் குறைப்பதால் கேட்கும்படியான இழப்பு இல்லை. ஆபத்து வேறு இடத்தில். கரன்ட் போய் வந்ததும் சில டாக்குகள் முழு வால்யூமில் எழுந்திருக்கும். 100 வாட் ஆம்பில் 2 வோல்ட் நேரே இறங்கினால் ட்வீட்டர் அந்த நொடியே போய்விடலாம். வாங்குமுன் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகி, வால்யூம் எந்த எண்ணில் எழுகிறது என்று பாருங்கள். எதுவானாலும் நடுவில் 10 டெசிபல் குறைப்பான் போட்டு வையுங்கள்.

ஏபி, டி, ஏ, வால்வு

கிளாஸ் என்பது ஆம்பின் சர்க்யூட் வேலை செய்யும் முறை. கிளாஸ் ஏபி பழகிய பாதை. கனமான டிரான்ஸ்ஃபார்மர், ஹீட்சிங்க், ஊர் மெக்கானிக்கே திறந்து சரி செய்யக்கூடிய சர்க்யூட். வெப்பம்தான் செலவு. ஷோகேஸ் கண்ணாடிக்குள் அடைத்து வைத்தால் சித்திரை வெயிலில் உள்ளே 60 டிகிரியைத் தொடும். எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய பாதியாகிறது. மேலே நான்கு விரற்கடை இடமாவது விடுங்கள். ஆம்பின் தலையில் செட்-டாப் பாக்ஸை ஏற்றாதீர்கள்.

கிளாஸ் டி-யைத் தரமற்றது என்று தள்ளிய காலம் போய்விட்டது. ஹைபெக்ஸ், ப்யூரிஃபை நிறுவனங்களின் ஆம்ப் மாட்யூல்கள் அளவீட்டில் நல்ல ஏபி ஆம்ப்களுக்குச் சளைத்தவை அல்ல. உள்ளங்கை அளவு டி.பி.ஏ. 3255 சிப் ஆம்ப்களோ அறை சிறியதாக இருந்தால் இன்றைக்குப் பணத்துக்கு மிகப் பொருத்தமான தேர்வு. ஆனால் பெட்டி மேல் எழுதிய '300 வாட்'டைப் பார்க்காதீர்கள், கூட வரும் அடாப்டரைப் பாருங்கள். 24 வோல்ட் அடாப்டர் என்றால் 8 ஓமில் ஆளுக்கு ஏறத்தாழ 30 வாட். 32 வோல்ட் என்றால் 55. 48 வோல்ட் இருந்தால்தான் நூறைத் தாண்டும். ஆம்பியரும் கணக்கில் சேரும்: 24 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் இரண்டு சேனலுக்கும் சேர்த்தே 72 வாட்டுக்கு மேல் தொடர்ந்து வராது. இன்னொன்று: ஃபில்டருக்குப் பின்னாலிருந்து ஃபீட்பேக் எடுக்காத மலிவு போர்டுகளில் ஸ்பீக்கர் இம்பிடன்ஸைப் பொறுத்து மேல் ஸ்தாயி ஏறும் அல்லது இறங்கும். 'பி.எஃப்.எஃப்.பி.' என்று குறிப்பிட்டிருந்தால் அந்தக் குறை களையப்பட்டது.

கிளாஸ் ஏ வேண்டும் என்பவர்கள் கரன்ட் பில்லையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் 25 வாட் ஸ்டீரியோ ஆம்ப் 200 வாட் அளவுக்கு இழுத்து அறைக்குள் சூடாக விடும். ஏ.சி. போடாத அறையில் இது தண்டனை.

வால்வு ஆம்பின் ஒலியை நேசிப்பவர்கள் ஏராளம். அந்த நேசத்தில் பிழையில்லை. அவர்கள் கேட்பதில் ஒரு பங்கு அதன் அவுட்புட் இம்பிடன்ஸ். 2 ஓம் என்று வைத்தால், 4 ஓமுக்கு இறங்கும் இடத்தில் ஸ்பீக்கர் 3.5 டெசிபலை இழக்கும், 20 ஓமுக்கு ஏறும் இடத்தில் 0.8 டெசிபலை மட்டும் இழக்கும். ஆக ஒரே ஆம்ப் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வேறு குரலில் பாடும். 300பி ஒற்றை வால்வில் 8 வாட் வந்தாலே பெரிது. 92 டெசிபலுக்குக் கீழே உள்ள ஸ்பீக்கருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. உண்டு, அணைத்த பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.

இசைத்தட்டு கேட்பவர்களுக்கு

மூவிங் மேக்னெட் வகை கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) தருவது 5 மில்லிவோல்ட் அளவு. லைன் அளவுக்குக் கொண்டுவர 40 டெசிபல் கெயினும் 47 கிலோ ஓம் இன்புட்டும் வேண்டும். மூவிங் காயில் வகைக்கு 60 டெசிபல். தட்டில் அடிஸ்தாயியைக் குறைத்தும் மேல்ஸ்தாயியைக் கூட்டியும் வெட்டியிருப்பதால் அதைத் திருப்பும் ஆர்.ஐ.ஏ.ஏ. சமன்பாடும் தேவை. ஆக்ஸ் இன்புட்டில் நேரே மாட்டினால் கொசு ரீங்காரம் போல வரும். டர்ன்டேபிளுக்குள்ளேயே போனோ ஸ்டேஜ் இருந்து அதை ஆம்பின் போனோவிலும் செருகினால் பாஸ் உப்பி ஒலி உடையும். இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். ப்ரீஆம்ப் தனியாக வேண்டும் என்பதற்கு மிக நியாயமான காரணம் இதுதான். ஆனால் அதற்குத் தேவை போனோ ப்ரீஆம்ப் மட்டுமே.

பழையது, அசெம்பிள் செய்தது

செகண்ட் ஹேண்டில் ஜப்பான் ஆம்ப் வாங்கினால் முதலில் பின்பக்கம் வோல்ட்டேஜைப் படியுங்கள். ஜப்பான் உள்ளூர் மாடல் 100 வோல்ட், அமெரிக்க மாடல் 120 வோல்ட். நம் 230-ல் நேரே செருகினால் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்தவை பெரும்பாலும் 220-240, பிரச்சினையில்லை. வோல்ட்டேஜ் மாற்றும் திருகு இருந்தால் ஆன் செய்வதற்கு முன்பே அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி அசெம்பிள் செய்பவர்கள் நிறைய. எல்.ஏ. 4440 போர்டு சமையலறை ரேடியோவுக்குச் சரி. 12 வோல்ட் பேட்டரியில் ஆளுக்கு 6 வாட். ஹாலுக்கு எல்.எம். 3886 ஐ.சி. ±28 வோல்ட்டில் 8 ஓமுக்கு 38 வாட் தரும்; நாம் மேலே போட்ட 28 வாட் கணக்குக்கு இது கச்சிதம். அதிக வாட் வேண்டும் என்பவர்கள் 5200-1943 டிரான்ஸிஸ்டர் ஜோடிக்குப் போகிறார்கள். அந்த ஜோடியில் போலி மிக அதிகம். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் உள்ளே சில்லு சிறியதாக இருக்கும், முதல் திருவிழாப் பாட்டிலேயே ஷார்ட் ஆகும். டிரான்ஸ்ஃபார்மர் 24-0-24 என்றால் டி.சி. ±33 வோல்ட் அளவில் வரும். அதில் 8 ஓமுக்கு 50 வாட்டுக்கு மேல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது மெயின்ஸில் தொடராக 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் போடுங்கள். எல்.இ.டி. உதவாது. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, கெபாசிட்டர்கள் நிறைந்ததும் இழை மங்கிச் சிவப்பாக நின்றால் நல்லது. பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். பல்பின் துணையில்லாமல் செருகியிருந்தால் அந்த ஷார்ட் இரண்டு டிரான்ஸிஸ்டரைத் தின்றிருக்கும்.

எல்லாம் இணைத்த பிறகு 'கொர்' என்று ஹம் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். முதலில் டி.வி. கேபிள், அடுத்து லேப்டாப் சார்ஜர். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மூன்று பின் பிளக்கின் எர்த்தை மட்டும் யார் சொன்னாலும் பிடுங்காதீர்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் உறுமினால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். ஆம்பைத் திறந்து பார்ப்பதால் பயனில்லை.

பழையதோ புதிதாகச் சேர்த்ததோ, வால்வு ஆம்பாக இல்லாவிட்டால், ஸ்பீக்கரை மாட்டுமுன் கடைசியாக ஒன்று. இன்புட்டில் எதுவும் இல்லாமல், வால்யூம் பூஜ்யத்தில், மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினலில் இரு முனைகளையும் தொடுங்கள். ஆன் செய்து ஐந்து நிமிடம் சூடாக விட்டு மறுபடி அளங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் ஸ்பீக்கரை இணைக்கலாம். 100-ஐத் தாண்டினால் மெக்கானிக்கிடம் எடுத்துச் செல்லுங்கள். வோல்ட் கணக்கில் காட்டினால் பெரும்பாலும் அவுட்புட் டிரான்ஸிஸ்டர் ஒன்று போயிருக்கும். அந்த டெர்மினலில் எந்த ஸ்பீக்கரையும் மாட்டிப் பார்க்காதீர்கள், பழையதைக்கூட.